பழைய போனிலும் மெமரி கார்டிலும் கிடக்கும் கூத்துப் பதிவுகளை மீட்டு மாற்றுவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் (மகாபாரதக் கதை விழா) வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கேமரா போன் வந்த புதிதில் நம் ஆட்கள் பலர் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து விடிய விடிய அதைப் பதிவு செய்தார்கள். பாட்டியின் ஒப்பாரி, நடவுப் பாட்டு, கல்யாண வீட்டுப் பேச்சு என்று வேறு எதையெல்லாமோ பிடித்து வைத்தார்கள். அந்தப் போன்கள் இன்று பீரோ டிராயரில் கிடக்கின்றன. அதில் பாடியவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. வேறு பதிவும் அவர்களுக்குக் கிடையாது.

எங்கள் குடும்பத்துப் பதிவுகளை மீட்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைக்குக் கடை ஒரு யோசனை சொன்னார்கள். பாதி யோசனையைக் கேட்டிருந்தால் பதிவே அழிந்திருக்கும். நீங்கள் அந்த அலைச்சல் படக்கூடாது என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பழக்கம் கொஞ்சம் இருந்தால் போதும்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மென்பொருள் எல்லாமே இலவசம். பல அளவுக் கார்டுகள் செருகும் கார்டு ரீடர், பழைய போனுக்கு ஒரு பேட்டரி, இரண்டு பென் டிரைவ், இவ்வளவுதான் வாங்க வேண்டியது. ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய்; கடைக்குக் கடை விலை மாறும். நேரம்தான் உண்மையான செலவு. அதுவும் மாற்றுவதற்கு ஆகும் நேரமில்லை, உட்கார்ந்து கேட்டு எழுதுவதற்கு ஆகும் நேரம்.

1. போனை உயிர்ப்பிக்கும்போது

முதலில் பின்மூடியைக் கழற்றி பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். சாதாரண நோக்கியா போன்கள் பலவற்றுக்குப் பொருந்தும் பிஎல்-5சி பேட்டரி இன்றும் மொபைல் கடைகளில் கிடைக்கிறது. மெல்லிய முனை சார்ஜரும் தேடினால் கிடைக்கும்.

போன் 'செக்யூரிட்டி கோடு' கேட்டால், யாரும் மாற்றாத வரை நோக்கியாவில் அது 12345. அதை முயன்று பார்ப்பதற்கு முன் கடைக்கு ஓடாதீர்கள்.

கடைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் ஒரு விஷயத்தை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "சாஃப்ட்வேர் போடணும்ணா" என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லி போனைத் திரும்ப வாங்கிவிடுங்கள். சாஃப்ட்வேர் போட்டால் போனின் உள் நினைவகம் துடைத்து எடுக்கப்படும். போன் பளிச்சென்று எரியும், பதிவு இருக்காது. எங்கள் உறவினர் ஒருவர் போனுக்கு இதுதான் நடந்தது. அவர் அப்பாவின் குரல் அதில் இருந்தது. கடைக்காரர் கெட்டவர் இல்லை. போனைச் சரிசெய்யக் கேட்டார்கள், சரிசெய்து கொடுத்தார். ஆகவே கேட்கும்போதே தெளிவாகச் சொல்லுங்கள்: "எனக்கு போன் வேண்டாம், உள்ளே இருக்கிற ரெக்கார்டிங்தான் வேண்டும். எதையும் அழிக்கிற வேலை செய்யாதீங்க." 'ரீசெட்' என்ற பேச்சு வந்தாலும் இதே பதில்தான்.

போன் உயிர்பெற்றுவிட்டால் கேலரியில் 'ரெக்கார்டிங்ஸ்' பகுதியையும், சிம்பியன் போனாக இருந்தால் 'சவுண்ட்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'டிஜிட்டல்' ஃபோல்டரையும் பாருங்கள். உள் நினைவகத்தில் இருப்பதை டேட்டா கேபிள் இல்லாவிட்டால் புளூடூத் வழியே ஒவ்வொன்றாக இன்றைய ஆண்ட்ராய்டு போனுக்கு அனுப்பலாம். மெதுவாகத்தான் போகும். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

2. மெமரி கார்டு

மைக்ரோ எஸ்டி என்றால் சிக்கலே இல்லை. எந்தக் கார்டு ரீடரும் படிக்கும். பழைய நோக்கியாவில் இருந்த குட்டை எம்எம்சி, சோனி எரிக்சனில் இருந்த எம்2 போன்றவற்றுக்குத்தான் தேட வேண்டும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் இணையத்தில் வாங்கலாம். பெங்களூரு போகிற வேலை இருந்தால் எஸ்.பி. ரோடு கடைகளில் கேளுங்கள்; ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். கார்டைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

கார்டைச் செருகியதும் விண்டோஸ், "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா?" என்று கேட்கலாம். 'கேன்சல்' மட்டும்தான் அழுத்த வேண்டும். கார்டின் செப்புக் கம்பிப் பகுதியைப் பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்து, துடைத்து, மறுபடி செருகிப் பாருங்கள். அப்போதும் கேட்டால் 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் ஒலி ஃபைல்களையும் மீட்டுக் கொடுக்கும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும், இது முக்கியம். மீட்ட ஃபைல்களில் பழைய பெயர் இருக்காது; பயப்படாதீர்கள், 7-ஆம் படியில் அதைச் சரிசெய்யலாம்.

3. எதையும் மாற்றுவதற்கு முன் அப்படியே நகல் எடுங்கள்

கார்டில் இருப்பது மொத்தத்தையும், பாட்டு, படம், குப்பை எல்லாவற்றோடும், 'மூலம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் நகலெடுங்கள். அதன் பிறகு அந்த ஃபோல்டருக்குள் எதையும் திருத்தக்கூடாது, பெயர்கூட மாற்றக்கூடாது. ஃபைலின் 'மாடிஃபைடு' தேதியைப் பாருங்கள். போனில் தேதி சரியாக வைத்திருந்தால், கூத்து எந்த இரவு நடந்தது என்பதற்கு அதுதான் ஒரே சாட்சி. 'கிரியேட்டட்' என்று காட்டும் தேதி நீங்கள் நகலெடுத்த நாள், அதை நம்பாதீர்கள். பேட்டரி கழற்றிப் போட்டதில் தேதி தொலைந்த போன்களில் 'மாடிஃபைடு' தேதியும் தவறாக இருக்கும். அறுவடைப் பாட்டு நடவு மாதத்துத் தேதியோடு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நகலை இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். அப்போதுதான் ஃபைல் கைபடாமல் போய்ச் சேரும்.

இப்படி ஒரு நகல் கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், இன்னொன்று வேறு வீட்டில். மூன்று இடத்தில் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம்.

4. உங்களிடம் இருப்பது என்ன வகை ஃபைல்?

பெயரின் கடைசியில் உள்ள எழுத்துகளை மட்டும் நம்பாதீர்கள். ஏஎம்ஆர் (பழைய போன்களின் குரல் பதிவு வடிவம்) ஃபைலின் கடைசி எழுத்தை எம்பி3 என்று மாற்றிவிட்டு 'கன்வெர்ட் பண்ணியாச்சு' என்று கொடுத்தவர்கள் உண்டு. உள்ளே ஒன்றும் மாறியிருக்காது. 'மீடியாஇன்ஃபோ' என்ற சின்ன மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் உண்மையான வகை, சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரி எடுத்தது என்பது), நீளம் எல்லாம் தெரியும்.

நம் பக்கம் அதிகம் கிடைப்பது ஏஎம்ஆர். நோக்கியா, சாம்சங், சைனா செட் எல்லாவற்றிலும் குரல் பதிவு பெரும்பாலும் இதுதான். 3ஜிபி, 3ஜிஏ என்று இருந்தாலும் உள்ளே பல சமயம் இதே சங்கதிதான். ரிலையன்ஸ், டாடா இண்டிகாம் சிடிஎம்ஏ போன்களில் எடுத்தது கியூசிபி என்று இருக்கலாம். டிஜிட்டல் ரெக்கார்டர் வைத்திருந்த ஆசிரியர்கள், நிருபர்கள் வீட்டில் டபிள்யூஎம்ஏ, டிஎஸ்எஸ் கிடைக்கும். இவை எல்லாமே 'எஃப்எஃப்எம்பெக்' என்ற இலவச நூலகத்தை (பல வகை ஒலி ஃபைல்களைத் திறக்க உதவும் நிரல் தொகுப்பு) வைத்து இயங்கும் மென்பொருள்களில் திறக்கும். சோனி ரெக்கார்டரில் எடுத்த டிவிஎஃப், எம்எஸ்வி மட்டும் தனி ஜாதி. அதற்கு சோனியின் 'டிஜிட்டல் வாய்ஸ் எடிட்டர்' என்ற பழைய மென்பொருள் வேண்டும். அதில் திறந்து வேவ் ஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஏமாற்றங்களுக்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். பழைய கம்ப்யூட்டரில் 'ராம்' என்று முடியும் ரியல் பிளேயர் ஃபைல்கள் இருந்தால், நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு இணைய முகவரி இருக்கும். அது வெறும் சுட்டி. ஒலி அதில் எப்போதும் இருந்ததே இல்லை. ஆர்எம், ஆர்ஏ என்று முடிபவற்றில்தான் ஒலி உண்டு. அடுத்தது, உரிமப் பூட்டு போட்ட டபிள்யூஎம்ஏ. காசு கொடுத்து இறக்கிய பாட்டுகளில் இது வரும். மாற்ற முடியாது, நேரத்தை வீணாக்காதீர்கள்.

5. எந்த வடிவத்துக்கு மாற்றுவது?

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். "320 கேபிபிஎஸ் எம்பி3 போட்டால் கிளியரா கேக்கும்" என்பார்கள் (கேபிபிஎஸ் என்பது ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு தகவல் என்ற அளவு). கேட்காது. காரணத்தைப் புரிந்துகொண்டால் நீங்களே முடிவெடுக்கலாம்.

ஏஎம்ஆர் என்பது செல்போன் பேச்சுக்காகச் செய்தது. நொடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கும். 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி கிட்டத்தட்ட போய்விடும். அதோடு, மனிதத் தொண்டை எப்படி ஒலி எழுப்பும் என்ற கணக்கை வைத்து அது ஒலியைச் சுருக்குகிறது. அதனால்தான் கட்டியக்காரன் வசனம் தெளிவாகக் கேட்கும். முகவீணை என்ற சிறு குழல் கருவியை நீட்டி வாசிக்கும் இடத்தில் ஒலி நொறுங்கி, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும். தாளத்தின் கணீர் ஓசை 'சிக் சிக்' என்று சுருங்கியிருக்கும். பதிவான அன்றே போய்விட்ட அந்த ஒலியை எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இருப்பதை இனிமேல் இழக்காமல் காப்பதுதான் நம் வேலை.

எனவே என் பரிந்துரை:

காப்பகத்துக்கு: மூல ஏஎம்ஆர் அப்படியே இருக்கட்டும். கூடவே ஃப்ளாக் வடிவில் ஒரு நகல். ஃப்ளாக் ஒலியைச் சுருக்கினாலும் துளிகூட இழக்காது. 2001 முதல் இருக்கிறது, யாருடைய காப்புரிமைக் கட்டணமும் இல்லை.

கேட்பதற்கு: எம்பி3. ஓபஸ் இதைவிட நல்ல வடிவம்தான், குறைந்த அளவில் பேச்சை அருமையாகத் தரும். ஆனால் ஊரில் பெரியவர்கள் கேட்பது பென் டிரைவ் செருகும் ஸ்பீக்கரில், கோயில் மைக் செட்டில், டிராக்டரில். அவற்றில் பெரும்பாலும் எம்பி3தான் ஓடும். கேட்கிறவர் கையில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் நாம் மாற்ற வேண்டும்.

இடம் ஒரு பிரச்னையே இல்லை. உயர்ந்த தரத்தில் எடுத்த ஏஎம்ஆர் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 5.8 எம்பி. அதையே சுருக்காமல் வேவ் ஆக்கினால் 57.6 எம்பி, ஃப்ளாக் அதைவிடக் குறையும். 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் மணிக்கு 28.8 எம்பி. எட்டு மணி நேரக் கூத்து மூன்று வடிவத்திலும் சேர்ந்து ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும்.

6. மாற்றும் வேலை

'ஆடாசிட்டி' என்ற ஒலி திருத்தும் மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். கூடவே எஃப்எஃப்எம்பெக் நூலகத்தையும் நிறுவ வேண்டும். அது இல்லாமல் ஏஎம்ஆர் திறக்காது. 'எடிட்', 'பிரிஃபரன்ஸஸ்', 'லைப்ரரீஸ்' என்று போய்ப் பார்த்தால் நூலகம் சேர்ந்ததா என்று தெரியும். சேர்ந்த பிறகு ஆடாசிட்டியை ஒருமுறை மூடித் திறங்கள்.

'மூலம்' ஃபோல்டரிலிருந்து ஒரு ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்து, அதை 'இம்போர்ட்' செய்யுங்கள். பிறகு 'எக்ஸ்போர்ட் ஆடியோ'வில் ஃப்ளாக், மோனோ (ஒரே ஒலித்தடம்), சாம்பிள் ரேட் 8,000 என்று வையுங்கள். மூலம் 8,000 இருக்கும்போது 44,100 ஆக்குவதால் லாபம் எதுவும் இல்லை. அடுத்து எம்பி3 நகல்: மோனோ, 64 கேபிபிஎஸ். இதற்கு மட்டும் சாம்பிள் ரேட்டை 44,100 என்று வையுங்கள். 8,000 வைத்த எம்பி3ஐ மலிவு விலை ஸ்பீக்கர்கள் சில வாசிக்காது, அல்லது வேகம் தப்பி வாசிக்கும்.

ஒரு ஃபைலைக் கேட்டு, நீளம் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் மீதியை மொத்தமாக மாற்றலாம். 'டூல்ஸ்' மெனுவில் 'மேக்ரோ மேனேஜர்' உண்டு. 'எக்ஸ்போர்ட் அஸ் ஃப்ளாக்' என்ற ஒரே கட்டளையோடு மேக்ரோ உருவாக்கி, ஃபைல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிவிடும். கரண்ட் போகும் நேரமாகப் பார்த்து டெஸ்க்டாப்பில் இதை ஓடவிடாதீர்கள். லேப்டாப் என்றால் கவலையில்லை.

ஒன்றிரண்டு ஃபைல்தான் என்றால் விஎல்சி பிளேயர் போதும். 'மீடியா' மெனுவில் 'கன்வெர்ட்', அதில் ஃப்ளாக் என்று தேர்ந்தெடுங்கள்.

இணையத்தில் ஃபைலை ஏற்றினால் மாற்றித் தரும் தளங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். குடும்பத்துப் பேச்சு யார் சர்வரில் போய் உட்காருகிறது என்று நமக்குத் தெரியாது.

இரைச்சல் நீக்கும் வேலையை எம்பி3 நகலில் மட்டும் செய்யுங்கள், அதுவும் லேசாக. ஏஎம்ஆரில் ஏற்கெனவே நொறுங்கிய ஒலியில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' அதிகமாகப் போட்டால் பாடகரின் மூச்சும் சேர்ந்து போய்விடும். சத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தினாலே பாதிப் பிரச்னை தீரும்.

7. ஊர், ஆள், நாள்: பெயரிடும் படி

எனக்கு மிகவும் பிடித்த படியும், அதிக நாள் எடுக்கும் படியும் இதுதான். 'சவுண்ட் கிளிப் 14' என்ற பெயரோடு எவ்வளவு நல்ல வடிவத்தில் வைத்திருந்தாலும் இருபது வருடம் கழித்து அது யாருக்கும் ஒன்றும் சொல்லாது.

ஊர் தெரியாத கூத்துப் பதிவா? காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் கேளுங்கள். ஆட்டத்தை நிறுத்தி, மைக்கில் அன்பளிப்பு படிப்பார்கள். இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார், கர்ணன் வேஷக்காரருக்கு நூற்றியொரு ரூபாய் என்று வரும். எங்களிடம் இருந்த ஒரு பதிவு எந்த ஊர் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. படுகளக் காட்சிக்கு முன்னால் வரிசையாக அன்பளிப்பு படித்ததில் பாப்பாரப்பட்டி, பென்னாகரம் பக்கத்து ஊர்களாகவே வந்தன. அதை வைத்து அந்தப் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரிடம் போட்டுக் காட்டினோம். பாட்டின் இரண்டாவது அடி முடிவதற்குள், "இது எங்க அண்ணன் குரலாச்சே, மத்தளம் யாருன்னு சொல்லட்டுமா?" என்றார். அத்தனை பெயரையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். இப்படி அடையாளம் சொல்லக்கூடியவர்கள் வயதானவர்கள். அதனால் மாற்றும் வேலை முடியும்வரை காத்திருக்காமல், நகல் எடுத்த உடனே அவர்களிடம் போங்கள். அவர்கள் சொல்வதையும், அனுமதி கேட்டு, உங்கள் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் இவற்றைக் குறியுங்கள்: தேதி, ஊர், வட்டம், நிகழ்ச்சி, பாடியவர், வாசித்தவர், பதிவு செய்தவர், எந்தப் போன், மூல ஃபைலின் பெயர். மாவட்டம் எழுதும்போது கவனம். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரியில்தான். அதற்கு முந்தைய கேசட் உறையில் 'தருமபுரி மாவட்டம்' என்று இருந்தால் அது ஊத்தங்கரையாகவோ தேன்கனிக்கோட்டையாகவோகூட இருக்கலாம். ஓசூர்ப் பக்கத்துப் பதிவு என்றால் தெலுங்கா, கன்னடமா, தமிழா என்று மொழியையும் எழுதுங்கள்.

ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில், வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பழைய ஸ்பீக்கர்களும் சில மென்பொருள்களும் தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டும். தமிழ் விவரம் முழுவதையும் தனியாக ஓர் எக்செல் பட்டியலில் வைத்து, அச்செடுத்து ஒரு பிரதியும் வையுங்கள்.

8. காகித வேலை

வீட்டுக்குள் கேட்பதற்கு எந்தக் காகிதமும் வேண்டாம். யூடியூபில் ஏற்றப் போகிறீர்கள் என்றால் ஆடியவர்களிடம் ஒப்புதல் வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி நிகழ்த்துகலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின்மீது 50 ஆண்டு உரிமை உண்டு. நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு ஜனவரியிலிருந்து கணக்கு. 2008-இல் ஆடிய கூத்துக்கு 2058 முடியும்வரை. வெள்ளைத்தாளில் பெயர், ஊர், ஜமா (கூத்துக் குழு), எந்தப் பதிவு, எங்கே வெளியிடப்படும், பணம் வந்தால் எப்படிப் பங்கு என்று எழுதி, இரண்டு சாட்சியோடு கையெழுத்து வாங்கினால் பின்னால் மனஸ்தாபம் வராது. கலைஞர் காலமாகியிருந்தால் குடும்பத்தாரிடம் கேளுங்கள்.

நிலத் தகராறு, பாகப்பிரிவினைப் பேச்சு, கடன் கொடுத்த பேச்சு இப்படி ஏதாவது அந்தப் போனில் இருந்து, அது கோர்ட்டுக்குப் போகக்கூடியது என்றால், மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். போனையும் கார்டையும் அப்படியே கவரில் போட்டு வக்கீலிடம் போங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் ஃபைலின் ஹேஷ் எண்ணையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) குறிப்பிட வேண்டும். வடிவம் மாற்றிய ஃபைலின் ஹேஷ் மூலத்தோடு ஒத்துப்போகாது.

9. எல்லாம் முடிந்த பிறகு

மூலம், ஃப்ளாக், எம்பி3, பட்டியல் நான்கையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, பழையபடி மூன்று இடத்தில் வையுங்கள். பென் டிரைவை வருடத்துக்கு ஒருமுறையாவது செருகித் திறந்து பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்தால் அதிலுள்ளது கெட்டுப்போக வாய்ப்புண்டு. பழைய கார்டைத் தூக்கிப் போடவோ, காலியாக்கி வேறு போனில் செருகவோ வேண்டாம்.

அந்த ஜமாவில் இன்னும் ஆடுகிறவர்களுக்கு எம்பி3 நகலைப் பென் டிரைவில் கொடுங்கள். இப்போது வேஷம் கட்டும் பையன்கள் தங்கள் வாத்தியாரின் வாத்தியார் பாடிய மெட்டைக் கேட்டதே இல்லை. பாரதம் தொடங்குவதற்கு முன்பாகவே, மாசிக்குள், கொடுத்துவிடுங்கள், ஒத்திகைக்கு உதவும்.